மன்னாரும் கோடியக்கரையும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் மன்னார்த் தீவு. கிழக்கே தாம்போதி ஒன்றினால் பெருநிலத்தோடு இணைந்து, மேற்கே தலைமன்னாரில் அது முடிகிறது. அம்முனைக்கு அப்பால், சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் பெயர் பெற்ற மணற்றீடைகள் தனுஷ்கோடி வரையில் வரிசையாகச் செல்கின்றன. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தெற்கே மன்னார்க் குடா. வடக்கே பாக்குக் கடல். வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு புறத்துக் கடல் கொந்தளிக்க மறுபுறம் அடங்கியிருக்கும். சோளகம் தொடங்கியதும் முறை மாறும். மன்னார் மீனவர் இதனை நன்கு அறிவர். காற்றுக்கேற்ப வள்ளத்தையும் வலையையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வது அவர்களுடைய நெடுநாள் வழக்கம்.

காற்றின் முறையை அறிந்து இக்கரைக்கு வருவோர் வேறு சிலரும் உளர். புரட்டாதி பிறக்கும் காலத்திலிருந்து உள்ளான்கள், கருவால் மூக்கன்கள், ஊசிவால் வாத்துகள், கடற்காகங்கள், ஆலாக்கள், பூநாரைகள் என்று பறவைக் கூட்டங்கள் வடக்கேயிருந்து வந்து மன்னாரின் களப்புகளிலும் தரவைகளிலும் இறங்குகின்றன. பங்குனி, சித்திரையில் அவற்றுட் பெரும்பாலானவை மீண்டும் வடக்கே போய்விடுகின்றன. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரிக்கும் பறவைகள் தெற்கு நோக்கி வரும் பெரும் பாதையை மத்திய ஆசியப் பறவைப் பாதை என்பர். முப்பது நாடுகளைத் தொட்டுச் செல்லும் அப்பாதையின் தென்கோடி இலங்கை. இலங்கைக்குத் தெற்கே தென்துருவக் கண்டம் வரையில் பெருநிலம் எதுவும் இல்லை. ஆகையால், இங்கு வந்து சேரும் பறவைக்கு இதற்கு மேல் போக்கிடம் கிடையாது.

இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எவ்வழியாக வருகின்றன, வரும் வழியில் எங்கே தங்குகின்றன என்பவற்றை மனிதன் அறிந்துகொண்ட கதை சுவையானது. அரசாங்கங்கள் கைகோத்து நடத்திய கதை என்று அதனைச் சொல்ல முடியாது. இரு நாட்டு அரசாங்கங்களும் கடலில் கோடு கிழித்துக்கொண்டிருந்த காலத்திலும், கோட்டைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த காலத்திலும், இலாபம் கருதாத சில கழகங்கள் அமைதியாக நடத்திய வேலை அது.

முதலில் முத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில், மன்னார்க் கரையின் இயற்கையை அறிவு முறையில் ஆராயத் தூண்டியது முத்துத்தான். மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறைக்கு எதிரேயுள்ள கடலில் முத்துப் பார்கள் பரந்து கிடக்கின்றன. பிரித்தானியர் காலத்து முதல் தேசாதிபதியான பிரடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்க்கவென்று அரிப்பிலே ஒரு மாளிகை எழுப்பினார். அதன் இடிபாடு இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. கடல் அதனைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது. பார்களில் சில ஆண்டுகள் சிப்பி கோடிக்கணக்கில் இருக்கும். பின்பு பல ஆண்டுகள் ஒன்றும் இராது. இதற்குக் காரணம் என்ன என்று ஆராயும் பணி இலங்கையிற் பிறந்த மருத்துவரான எட்வேட் பிரடெரிக் கேலாற் என்பவரிடம் 1857ஆம் ஆண்டளவில் ஒப்படைக்கப்பட்டது. இலங்கையின் விலங்குகளையும் பறவைகளையும் பற்றி 1852இலேயே நூல் எழுதியவர் அவர். சிப்பி தன்னைப் பாறையோடு கட்டிக்கொள்ளும் நாரை அறுத்துவிட்டு இடம் பெயர வல்லது என்பதை அவரே கண்டு சொன்னார்.

அவருக்குப் பின் வந்த ஹோல்ட்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேயர் நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானவர். சிப்பிகளைக் கவனிக்கும்படி அரிப்பில் இருத்தப்பட்ட அவர், வேலைக்கு இடையில் கரையோரப் பறவைகளையும் கவனித்துக் குறித்து வந்தார். இலங்கைப் பறவைகளின் பட்டியல் ஒன்று அவர் பெயரால் 1872இல் இலண்டன் விலங்கியற் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. முத்தைத் தேட வந்தவர் பறவையை எண்ணிச் சென்றார். அவர் தேடிய முத்தினால் அரசாங்கத்துக்குப் பெரிய நிலையான பயன் எதுவும் கிட்டவில்லை. எண்ணிய பறவைக் கணக்கோ இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது.

முத்தின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேட்மனும் அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹோர்னெலும் வந்து குடாவை ஆராய்ந்தார்கள். அவர்களின் அறிக்கை இலண்டன் றோயல் சங்கத்தினால் ஐந்து பாகங்களாக வெளியிடப்பட்டது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தக் களிப்பிலே அடுத்த ஆண்டில் அரசாங்கம் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பெனியிடம் விட்டது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலத்தில் பாதி கழியுமுன்னரே கம்பெனி கலைந்து போயிற்று. ஹோர்னெல் மறுகரை சென்று சென்னை அரசாங்கத்தின் மீன்வளத் துறையிற் சேர்ந்து, பின்னர் அதன் தலைவரானார். இலங்கைப் பார்களில் கற்றதைத் தூத்துக்குடிப் பார்களில் அவர் பயன்படுத்தினார். இரு கரைகளுக்கும் கடல் ஒன்றே என்பதை நூலிற் படித்து அறிந்தவரல்லர் அவர். இரண்டு கரைகளிலும் சம்பளம் வாங்கி அறிந்தவர்.

இனிக் கழகங்களுக்கு வருவோம். 1883ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பம்பாய் நகரிலே எட்டுப் பேர் கூடி இயற்கை வரலாற்றுக் கழகம் ஒன்றை நிறுவினார்கள். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்ற இருவர் இந்திய மருத்துவர், ஏனையோர் ஐரோப்பியர். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1894இல், இலங்கையிலும் ஒரு சங்கம் தோன்றியது. இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று வழங்குவது அதுவே. வேட்டையாடுவதற்கு விலங்கு மிச்சம் இருக்கவேண்டுமே என்ற கவலையில் வேட்டைக்காரர் அமைத்த சங்கம் அது. நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும், பிற்காலத்தில் வில்பத்து, யால முதலிய வனங்கள் காப்பிடங்களானதில் அச்சங்கத்துக்குப் பங்கு உண்டு. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் உருவாயிற்று. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை இடமாகக் கொண்டு கள பறவையியற் குழு அமைந்தது.

இவை தனித்தனி அமைப்புகளேயாயினும் இவற்றிடையே போக்குவரத்து உண்டு. பம்பாய்க் கழகத்தின் ஏட்டிலே இலங்கைத் தோட்டத்துரையும் இயற்கை ஆய்வாளருமான பிலிப்ஸ் முதலியோரின் கட்டுரைகள் வெளிவந்தன. அக்கழகத்தின் தூணாக விளங்கிய சாலிம் அலி அவர்கள் அமெரிக்கரான டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரையில் பத்துப் பாகங்களாக வெளியிட்ட பறவை நூல், இந்தியா, பாகிஸ்தான் பறவைகளோடு இலங்கைப் பறவைகளையும் ஒன்றாக வைத்தே பேசுகிறது. மன்னாரிற் காணும் பூநாரையை வேறாகவும் கோடியக்கரையிற் காணும் பூநாரையை வேறாகவும் எழுதுவதற்கு அந்நூலாசிரியர்களுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கோடியக்கரை என்றேன். தமிழ்நாட்டுக் கரையிலே வேதாரணியத்துக்குத் தெற்கே, கடல் மடங்கித் திரும்பும் மூலையில் இருக்கும் ஊர் அது. அங்கே பெரிய சதுப்பு நிலமும் உப்பளங்களும் உள்ளன. வடக்கேயிருந்து சோழமண்டலக் கரையோரமாக வரும் பறவைகள் அங்கே தங்கி இளைப்பாறுகின்றன. அங்கிருந்து வங்காலை ஏறக்குறைய நேர் தெற்கே 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூநாரைக்கு அது ஓர் இரவுப் பயணம்.

ஒரு பறவை கோடியக்கரையிலிருந்துதான் மன்னாருக்கு வந்தது என்று எவ்வாறு சொல்வது? பறவைகள் முகவரி சொல்லா. ஆகவே, முகவரியை நாம்தான் அவற்றின் காலிற் கட்டவேண்டும். இதற்கென்று இலேசான உலோக வளையங்கள் உண்டு. பறவைகளைக் காயமின்றி வலையில் அகப்படுத்தி, எடை பார்த்து, சிறகின் நீளம் அளந்து, காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி விட்டுவிடுவார்கள். பம்பாய்க் கழகத்தின் வளையங்களில் எண்ணோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அறிவிக்கவும் என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் சில பொறிக்கப்பட்டிருக்கும். எங்கேனும் ஒரு வேடனோ, மீனவனோ, மற்றோர் ஆய்வாளனோ அப்பறவையைக் கண்டு எழுதினால் இரண்டு இடங்களையும் கோடிட்டு இணைக்கலாம். ஆயிரம் வளையம் இட்டால் பதில் வருவது மிகச் சிலவற்றுக்கே. பொறுமை இல்லாதவர்க்கு இவ்வேலை ஏற்றதன்று.

பம்பாய்க் கழகம் 1927இல் இவ்வேலையைத் தொடங்கிற்று. ஆனால், அது பெருமளவில் நடைபெறக் காரணமாயிருந்தது ஒரு நோய். 1957இல் மைசூர் இராச்சியத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்தன. மனிதரும் காய்ச்சல் கண்டு மடிந்தார்கள். நோய்க்கிருமியை ஆராய்ந்தபோது, ருசியாவின் காடுகளில் உண்ணிகளாற் பரவும் மூளைக்காய்ச்சற் கிருமிக்கு அது உறவாக இருந்தது. ருசியாவுக்கும் மைசூருக்கும் என்ன தொடர்பு? வலசைப் பறவைகள் மேல் ஐயம் விழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959இல் சாலிம் அலி அவர்கள் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கினார். பறவைகள் மேற் சுமத்திய பழி மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், அந்தச் சாக்கில் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளின் பாதைகள் துலங்கத் தொடங்கின. பரத்பூரிலே வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் அகப்பட்டன. செய்தி பம்பாய்க்கு வந்தது. நாடுகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்ற அந்நாளில், வாத்தின் காலில் இருந்த எண்ணைப் பார்த்து ருசியர் பம்பாய்க்குக் கடிதம் எழுதினர்!

இதில் கறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. அறுபதுகளில் இவ்வேலைக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றிலிருந்து வந்தது. 1970களில் இந்திய நாடாளுமன்றத்தில் இது பெரும் பிரச்சினையாயிற்று. பறவைகள் மூலம் நோய்க்கிருமியைப் பரப்ப முடியுமா என்று அந்நியர் அறிய முயன்றனரோ என்று பத்திரிகைகள் கேட்டன. கேள்வி நியாயமானது. பிற நாட்டுப் பணம் எதற்காக வருகிறது என்று கேட்பது ஒரு தேசத்தின் கடமை. ஆயினும், கழகத்தார் சேர்த்த குறிப்புகள் அறிவுலகத்தின் பொதுச் சொத்தாகிவிட்டன. கள்ளப் பணமோ நல்ல பணமோ, பறவையின் பாதை மாறிவிடவில்லை.

கோடியக்கரைக் காடும் கடலோரமும் 1967இல் சரணாலயமாயின. கழகத்தின் ஆய்வு நிலையமும் அங்கே வேரூன்றிற்று. பாலச்சந்திரன் போன்ற பறவையியலாளர் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கி வளையமிட்டார்கள். இதே காலத்தில் மண்டபத்திலும் ஒரு கழகம் உழைத்துக்கொண்டிருந்தது. 1958இல் நிறுவப்பெற்ற இந்தியக் கடல் உயிரியற் கழகம் அது. 1969 சனவரியில் அக்கழகம் மண்டபத்தில் நடத்திய பவளப்பாறைக் கருத்தரங்கையே இன்று உலக ஆய்வாளர், பவளப்பாறை பற்றிய சர்வதேச மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணுகின்றனர். தலைமன்னாரிலிருந்து பார்த்தால் இராமேசுவரத்துக்கு அப்பால் அடுத்தபடியாக இருக்கும் ஊரில், உலகத்தின் முதற் பவளப்பாறை மாநாடு நடந்தது என்பதை நம்மிற் பலர் கேள்விப்பட்டிரார்.

மண்டபம் என்றதும் மன்னார் மக்களுக்கு நினைவு வருவது மாநாடு அன்று, முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்தனுப்பிய முகாம் அது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. இரு கரையிலும் புகைவண்டி காத்திருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளின் முற்பகுதியில் நின்றது. இதற்கிடையே 1974இலும் 1976இலும் இரு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து கடலெல்லையை வகுத்துக்கொண்டன. கோடு கிழித்தவர்கள் மீனைப் பற்றி யோசித்தார்கள், எண்ணெயைப் பற்றி யோசித்தார்கள். கோட்டின் இரு பக்கத்திலும் மேயும் கடற்பசுவைப் பற்றியோ, எங்கள் மீனவர் ஆவுளியா என்னும் அப்பிராணி உண்ணும் கடற்புல்லைப் பற்றியோ அவ்வொப்பந்தங்கள் பேசவில்லை.

1983க்குப் பின் வந்த ஆண்டுகளை நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்போர் பலர் அவற்றை வாழ்ந்து கடந்தவர்கள். மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் ஏறிய குடும்பங்கள் இராமேசுவரத்தில் இறங்கின. தோட்டத் தொழிலாளருக்காகக் கட்டிய மண்டபம் முகாம் அகதிகளின் முகாமாயிற்று. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்கள், விடுதலைப் புலிகளால் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டுத் தெற்கே புத்தளம் சென்றார்கள். மனிதர் இப்படிச் சிதறுண்ட காலத்தில் மன்னாருக்குச் சென்று வாத்துகளை எண்ணியவர் யார்? ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் இந்தியத் துணைக்கண்டத்திலே தொடங்கி, இலங்கையிலும் பறவைக் கழகத்தாரின் முயற்சியால் நடந்துவந்தது. ஆனால், வடக்கில் துப்பாக்கி ஓசை கேட்ட இடங்களுக்குத் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்வது எளிதன்று. தொலைநோக்கி வைத்திருப்பவன் இரு தரப்பாருக்கும் ஒற்றனாகவே தோன்றுவான்.

இவ்வாண்டுகளிலும் கோடியக்கரையில் வளையமிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வளையமிட்டுப் பறக்க விட்ட பறவைகள் தெற்கே வந்தன. அவற்றின் எண்ணைப் படித்துச் சொல்வதற்கு இக்கரையில் ஆளில்லை. வரலாற்றாசிரியன் போரினால் வந்த இழப்புகளைக் கணக்கிடும்போது இதனைச் சேர்க்க மாட்டான். சேர்க்கவேண்டிய வரிசையில் இது மிகக் கீழே இருப்பது என்பதும் உண்மை. ஆனாலும், பாதி அறுந்த கடிதப் போக்குவரத்தை நினைக்கும்போது எனக்கு மனம் ஒருவாறு வருந்துகிறது.

அறுந்த நூலை முடிந்தது 2005ஆம் ஆண்டளவில். கள பறவையியற் குழு, வனசீவராசிகள் திணைக்களத்தோடு சேர்ந்து, இலங்கையின் தென்கரையில் பூந்தலை வனத்தில் தேசிய அளவில் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கிற்று. வலை விரிப்பது எப்படி, பறவையை நோகாது பிடிப்பது எப்படி, வயதை அறிவது எப்படி என்ற நுட்பங்கள் புத்தகத்தைப் பார்த்துக் கற்கக்கூடியவையல்ல. பழகிய கையிலிருந்து பழகும் கைக்குச் செல்லவேண்டியவை அவை. அந்தத் துணையைப் பம்பாய்க் கழகம் நல்கியது. அமைச்சர்களுக்கிடையே கைச்சாத்து, மாலை மரியாதை, புகைப்படம் ஒன்றும் பெரிதாக நிகழவில்லை. ஒரு நாட்டின் கழகம் தனக்குத் தெரிந்த தொழிலை அயல்நாட்டின் கழகத்துக்குக் கற்பித்தது, அவ்வளவுதான். இரு நாட்டுக்கும் இடையே கையெழுத்தான பல உடன்படிக்கைகளைக் காட்டிலும் இது நன்றாக வேலை செய்தது என்பது என் எண்ணம்.

மன்னார் திறந்தது அதன் பின்னர். 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில், வன்னியில் போர் இன்னும் ஓயாத நேரத்தில், வங்காலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. கோடியக்கரை அதே தகுதியை 2002இல் அடைந்துவிட்டது. வங்காலைச் சரணாலயத்தின் பரப்பு 4,839 ஹெக்டேர். மன்னார்த் தாம்போதியின் ஓரமாகப் பேருந்திற் செல்லும் எவரும் அதனைப் பார்த்திருப்பர். பார்த்தும், வெறும் உப்புத் தரை என்று நினைத்திருப்பர். மாரியில் மழைநீர் நிறைந்து நன்னீரும் உப்புநீரும் கலக்கும் தரவை அது. கோடையில் வெடித்து வெளுத்துக் கிடக்கும். நீர் வற்றும்போது சேற்றில் வாழும் புழுக்களும் சிறு நண்டுகளும் நத்தைகளும் பறவையின் அலகுக்கு எட்டுகின்றன. நீரின் ஆழம் ஒரு சாண் கூடினால் குட்டைக் காலுள்ள உள்ளானுக்கு உணவில்லை. குறைந்தால் வாத்துக்கு இடமில்லை. ஆகையால், வாய்க்கால் ஒன்றை அடைத்தாலும் வெட்டினாலும் பல்லாயிரம் விருந்தாளிகளின் பந்தி கலைந்துவிடும். ஊர் மாடுகளும் அதே தரவையில் மேய்கின்றன. மன்னாருக்கே உரிய கழுதைகளும் வந்து நிற்கின்றன. இவற்றுக்கும் பறவைகளுக்கும் வழக்கு ஒன்றும் கிடையாது. கட்டுக்கரைக்குளமும் அதன் கீழுள்ள வயல்களும் இந்த ஈரநிலத் தொடரின் மற்றொரு பகுதி.

மேற்கே ஆதாம் பாலத்தின் தீடைகளிலே ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அப்பகுதி 2015இல் தேசிய வனமாயிற்று. அதே ஆண்டில், இந்திய நிறுவனம் ஒன்று புதிதாக அமைத்த தண்டவாளத்தின்மேல் தலைமன்னாருக்கு மீண்டும் புகைவண்டி வந்தது.

வளையம் பேசுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். இன்று வேறொரு கருவி வந்திருக்கிறது. பறவையின் முதுகிற் பொருத்தும் சிறிய ஒலிபரப்பி, வெய்யிலிலிருந்து மின்சாரம் பெற்று, தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் துணையால் அறிந்து அறிவித்துக்கொண்டேயிருக்கும். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் கள பறவையியற் குழுவினரும் சீன விஞ்ஞானக் கழகத்தாரோடு சேர்ந்து மன்னாரில் சில பறவைகளுக்கு இக்கருவியைப் பொருத்தினார்கள். மேகா என்று பெயரிடப்பட்ட கடற்காகம் ஒன்று மன்னாரிலிருந்து புறப்பட்டு இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ருசியாவின் வடகோடியில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள யமால் குடாநாட்டை அடைந்தது. கோடை கழிந்ததும் திரும்பியது. எங்கே? வந்த கரைக்கே, மன்னாருக்கே. போக்கும் வரவுமாக அது பறந்தது 19,000 கிலோமீட்டருக்கு மேல். கப்பலோட்டிகள் மாந்தைத் துறையைத் தேடி வந்த காலத்தில் விண்மீனைப் பார்த்து வழி கண்டார்கள் என்பர். இக்கடற்காகம் எதைப் பார்த்து ஒரு சிறு மணற்கரையைத் திரும்பக் கண்டுபிடித்தது என்பதற்கு விஞ்ஞானம் இன்னும் முழு விடை தரவில்லை.

இவ்வளவும் வெறும் அறிவு வேட்கைதானே, இதனால் யாருக்கு என்ன என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். விடை மன்னாரின் தென்கரையில் நிற்கிறது. அங்கே 2020 டிசம்பரில் தம்பபவனி என்னும் காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 100 மெகாவாட் அளவு மின்சாரம். சோளகமும் வாடையும் ஓயாது வீசும் இக்கரையைப் போலக் காற்று வளமுள்ள இடம் இலங்கையில் அரிது. ஆனால், பறவைகளை இங்கு கொண்டுவருவதும் அதே காற்றுத்தான். இதன் பின், இந்தியாவின் அதானி கிறீன் எனர்ஜி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாட் காற்றாலைகளை நிறுவத் திட்டமிட்டது. 1894இல் வேட்டைக்காரர் தொடங்கிய அதே சங்கமும் வேறு சில அமைப்புகளும் 2024இல் உயர் நீதிமன்றம் சென்றன. பறவைப் பாதை அவர்களுடைய முக்கிய வாதங்களுள் ஒன்று. 2025 பெப்ரவரியில், புதிய அரசாங்கம் மின் விலையை மறுபரிசீலனை செய்ய முற்பட்ட நிலையில், நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வேறு காற்றாலைகளுக்கு உரிய பாகங்கள் தீவுக்குள் வந்தபோது மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். மழைநீர் வடிய வழியின்றி ஊர் மூழ்குகிறது, மீன்பிடி கெடுகிறது, மணல் அகழ்வு வேறு என்பவை அவர்களின் முறைப்பாடு.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மின்சாரம் எடுப்பதைவிடக் காற்றிலிருந்து எடுப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. காற்றாலையே வேண்டாம் என்பவர் தம் வீட்டு விளக்கை எதனால் ஏற்றுகிறார் என்பதையும் சொல்லவேண்டும். வழக்கு இடத்தைப் பற்றியது. எந்தக் கோபுரம் எந்தப் பாதையை மறிக்கிறது, எந்த மாதத்தில் எந்த உயரத்தில் பறவைகள் கடக்கின்றன என்ற விவரம் இருந்தால் ஒழியத் தீர்ப்பு ஊகமாகவே முடியும். அந்த விவரத்தைத் தரக்கூடியவை, ஊதியமின்றி விடியற்காலையில் சேற்றில் நின்று எண்ணியவர்களின் குறிப்பேடுகள். போரினால் எண்ணப்படாது போன ஆண்டுகளின் விலை இங்கேதான் தெரிகிறது. அன்று எத்தனை பறவை வந்தது என்று தெரியாத இடத்தில், இன்று எத்தனை குறைந்தது என்று எப்படிக் காட்டுவது?

அரசாங்கங்களும் இப்பொழுது கைகொடுக்க முன்வந்துள்ளன. வலசை போகும் உயிரினங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1983 முதலும் இலங்கை 1990 முதலும் அங்கம் வகிக்கின்றன. 2024 பெப்ரவரியில் சமர்க்கந்து நகரிற் கூடிய அவ்வுடன்படிக்கை நாடுகள், மத்திய ஆசியப் பறவைப் பாதைக்கென்று ஒரு கூட்டு முயற்சியை ஏற்று, அதன் ஒருங்கிணைப்பு அலுவலகத்தை இந்தியாவில் அமைக்க இசைந்தன. பட்டுப் பாதையின் வணிகர் தங்கிச் சென்ற நகரில் பறவைப் பாதைக்கு முடிவு எடுத்தது பொருத்தமே.

மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரைவலையில் சிக்கியோ, வெய்யிலில் களைத்தோ, உப்பளத்து வரம்பில் இறந்தோ ஒரு பறவை உங்கள் கைக்கு எட்டினால், அதன் காலைப் பாருங்கள். வளையமோ நிறப் பட்டியோ இருந்தால், உயிருள்ள பறவையிலிருந்து அதனைக் கழற்றவேண்டாம். எண்ணையும் எழுத்துகளையும் பட்டியின் நிறத்தையும், கண்ட நாளையும், ஊர்ப் பெயரையும் குறித்துக்கொண்டு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விலங்கியற் பிரிவில் இயங்கும் கள பறவையியற் குழுவுக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் கேட்டுக்கொண்டிருப்போர் மும்பையிலுள்ள இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதலாம். எங்கே எப்பொழுது வளையமிட்ட பறவை அது என்ற விவரம் உங்களுக்குத் திரும்ப வரும்.